தெரிந்த சொல்லைத் திரும்பக் கேளுங்கள்

தெரியாத சொல் ஆபத்தில்லை. ஒடியாவில் ஒருவர் மூச்சுவிடாமல் பேசினால் "புரியலப்பா" என்று சொல்லிவிடுவோம். விஷயம் தெரிந்த ஆளைத் தேடுவோம், சைகையில் கேட்போம். அந்தப் பேச்சின் நடுவில் நம் காதுக்குப் பழகிய ஒரு சொல் வந்து விழுந்தால்தான் வம்பு. புரிந்துவிட்டதாகத் தலையாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன க்ளினிக்கில் டோக்கன் கொடுப்பது, பிபி பார்ப்பது, ஊசி போடுவது, மாத்திரையைக் கவரில் போட்டு வேளை சொல்வது என்று பல வருஷம் வேலை பார்த்தவள் நான். க்ளினிக்கிலோ மருந்துக்கடையிலோ புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். ராயபுரத்திலும் புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் தலைமுறை தலைமுறையாகத் தெலுங்கு பேசும் வீடுகள் நிறைய. மின்ட் தெருப் பக்கம் போனால் மார்வாடி, குஜராத்தி, இந்தி. மண்ணடியில் உருது. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் வியாசர்பாடியில் இருக்கிறார்கள். இப்போது மணலி, எண்ணூர், காசிமேடு என்று வேலைக்கு வரும் ஒடிசா, பீகார், வங்காளப் பிள்ளைகள். நர்ஸ் வேலைக்குக் கேரளப் பெண்கள். ஒரு சாயங்கால ஓபி-யில் இத்தனை பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் ஒரே குடும்பத்து மொழிகள் என்று அப்போது இங்கே கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை 1816-ல் எழுதியதும் இந்தச் சென்னையில் இருந்துதான். ஒரே குடும்பம் என்பதால்தான் சொற்கள் இவ்வளவு ஒத்துப்போகின்றன, ஒத்துப்போவதால்தான் இந்தச் சிக்கலும்.

என்னை உலுக்கிய சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காசிமேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டியை அவருடைய பேரன் கூட்டிவந்தான். எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும் பையன். பாட்டிக்குத் தெலுங்கு மட்டும்தான், பையனுக்குப் பாதித் தெலுங்கு. "ஆயாவுக்கு இன்னா பண்ணுது?" என்று கேட்டேன். பையன் கூச்சத்தில் நெளிந்தான். "பின்னாடி வலிக்குதாம்க்கா, உட்கார முடியலயாம்" என்றான். மூலமாக இருக்கும் என்று நினைத்து, அதற்கு முன்பு போன இடத்தில் தடவக் களிம்பு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நான் டோக்கன் எழுதும்போது பாட்டி தானாகவே முனகினார்: "குண்டெலோ நொப்பி தல்லி."

என் மாமியார் வீட்டில் பேச்சு தெலுங்கு. அதனால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெலுங்கில் குண்டெ என்றால் இதயம், நெஞ்சு. "கையை வெச்சுக் காட்டுங்கம்மா" என்று நானே என் நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன். பாட்டி உள்ளங்கையை நெஞ்சு நடுவில் வைத்து, அப்படியே இடது தோள் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். வரிசையில் இருந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு நேரே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். ஈசிஜி எடுத்த கையோடு 108-க்குச் சொல்லி ஸ்டான்லிக்கு அனுப்பினார். (எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது இன்னமும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். 1782-ல் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது.) பாட்டி பிழைத்து, அடுத்த மாதம் அதே பேரனோடு வந்தார்.

அந்தப் பையன் மீது எந்தத் தப்பும் இல்லை. வீட்டில் தெலுங்கைக் கேட்டும், தெருவிலும் பள்ளியிலும் தமிழ் பேசியும் வளர்ந்தவன். பாட்டி சொன்ன சொல் அவன் காதில் தமிழாக விழுந்தது. அந்த வயசில் அதை வாய்விட்டுச் சொல்லவும் வெட்கம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழிலும் இந்தச் சொல் எப்போதும் பின்பக்கத்தோடு நின்றுவிடவில்லை. பழைய தமிழ் வேதாகமத்தில் லேவியராகமத்தைப் படித்தால் குண்டிக்காய் என்று வரும், அங்கே அது சிறுநீரகம். உடம்புக்குள் இருக்கும் உறுப்புக்கான ஒரே வேர்ச்சொல் தெலுங்கில் இதயமாக நின்றது, தமிழில் சிறுநீரகமாக நின்று வழக்கொழிந்தது. எனவே, தெலுங்குக்காரர் "குண்டெ" என்று சொல்லும்போது சிரிக்கிற பிள்ளைகளை நான் கண்டிப்பேன். அந்தச் சொல் நம்முடையதைப் போலவே பழசு, மரியாதையானது.

அன்றிலிருந்து எங்கள் க்ளினிக்கில் ஒரு பழக்கம் வந்தது. எந்த மொழிக்காரராக இருந்தாலும், நல்ல தமிழ்க்காரரே ஆனாலும், எங்கே வலி என்று வாயால் மட்டும் கேட்பதில்லை. ஒரே ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொல்வோம். வலி எங்கெங்கு ஓடுகிறது என்று விரலை நகர்த்திக் காட்டச் சொல்வோம். தமிழர்களிடமும் இது உதவியது. நம் ஆட்கள் வயிற்றின் மேல்பக்க எரிச்சலையும் "நெஞ்செரிச்சல்" என்றுதானே சொல்கிறோம்.

அடுத்தது கடுப்பு. தெலுங்கில் கடுபு என்றால் வயிறு. "கடுபு நொப்பி" என்றால் வெறும் வயிற்றுவலி. நமக்கோ வயிற்றுக்கடுப்பு என்றால் சீதபேதி, நீர்க்கடுப்பு என்றால் மூத்திர எரிச்சல். மருந்து தலைகீழாக மாறிப்போகும். இதைவிடக் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. "கடுபுதோ உந்தி" என்று ஒரு மாமியார் மருமகளைக் காட்டிச் சொன்னால், அந்தப் பெண் கர்ப்பமாக இருக்கிறாள் என்று அர்த்தம். கடுப்போடு இருக்கிறாள், அதாவது கோபமாக இருக்கிறாள் என்று எங்கள் பெண் ஒருத்தி எடுத்துக்கொண்டு, அந்த மருமகளுக்கு எக்ஸ்ரே சீட்டை நீட்டப் போனாள். நல்லவேளை, அந்த மாமியாரே விடாமல் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களிடம் கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியைக் காலண்டரில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் எக்ஸ்ரேவும் மாத்திரையும்.

பனி என்ற ஒரு சொல் மட்டும் ஒரு முழு சாயங்காலத்தையும் நிரப்பும். எங்களோடு வேலை பார்த்த கேரளத்து சிஸ்டருக்குப் பனி என்றால் காய்ச்சல். "பனியுண்டோ?" என்றுதான் அவர் வாயில் முதலில் வரும். குழந்தையைத் தூக்கிவந்த தண்டையார்பேட்டை அம்மா "பனி ஒத்துக்கலம்மா" என்பார். அவருக்கு அது மார்கழிப் பனி, குழந்தைக்கு மூக்கு ஒழுகல் மட்டும்தான். சிஸ்டர் காய்ச்சல் என்று எழுதிக்கொள்வார். அடுத்து வரும் கட்டட வேலைத் தெலுங்குக்காரர் "பனிகி போவாலி" என்பார். வேலைக்குப் போக வேண்டும், சீக்கிரம் பாருங்கள் என்று சொல்கிறார். சிஸ்டர் தெர்மாமீட்டரை எடுப்பார். பெஞ்சின் கோடியில் பீகார்ப் பையன் "பானி" கேட்டுக்கொண்டிருப்பான். அவனுக்குத் தண்ணீர்தான் தேவை.

இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இந்தச் சொற்களுக்குள் போய்ப் பார்த்தால் மனசு நெகிழும். சங்கப் பாட்டில் பனித்தல் என்றால் நடுங்குதல். காய்ச்சல் வந்தவருக்கு வருவதும் நடுக்கம்தான். மலையாளம் அந்த நடுக்கத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது, தமிழ்ப் பேச்சு குளிரைப் பிடித்துக்கொண்டது. தெலுங்குப் பனி நம்முடைய பணி. எழுத்தில் னகரமும் ணகரமும் பிரித்துக் காட்டும், பேச்சில் எங்கள் பக்கத்தில் அந்தப் பிரிவு ஏறக்குறைய போயேவிட்டது. இந்திப் பானி வேறு குடும்பம், காதில்தான் ஒற்றுமை. சிஸ்டருக்கும் எனக்கும் ஒரு ஒப்பந்தம் வந்தது. இருவருமே பனி என்ற சொல்லை க்ளினிக்குள் விட்டுவிட்டோம். ஜுரம் என்போம். தமிழ், தெலுங்கு, மலையாளம், வங்காளம் எல்லாவற்றிலும் ஜுரம், ஜ்வரம், ஜ்வர் என்று கொஞ்சம் கொஞ்சம் மாறி அது நிற்கிறது. இந்திக்கு மட்டும் புகார். நாம் போலீசில் கொடுக்கும் புகார் இல்லை, அவர்களுக்கு அதுதான் காய்ச்சல். குழப்பம் தரும் சொல்லை விலக்கிவிட்டு, பல மொழியிலும் ஒரே பொருளில் நிற்கும் சொல்லைத் தேடி வைத்துக்கொள்வது பெரிய உதவி.

சக்கர் விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஒரு பெயின்டர், பீகார்க்காரர். சாரத்தில் ஏறி நின்றால் தலை சுற்றுகிறது. "சக்கர் ஆதா ஹை" என்று அவர் சொன்னதை மேஸ்திரி "சக்கர இருக்குதாம்" என்று வேறொரு இடத்தில் சொல்லியிருக்கிறார். சோதித்துக்கூடப் பார்க்காமல் சோறைக் குறை, இனிப்பை நிறுத்து என்று அங்கே அனுப்பிவிட்டார்கள். அந்த மனுஷன் பல நாளாக அரை வயிற்றோடு சாரத்தில் ஏறிக்கொண்டிருந்திருக்கிறார். எங்களிடம் வந்தபோது விரலில் குத்திப் பார்த்தோம், சர்க்கரை சரியாக இருந்தது. ரத்தம்தான் குறைவு. சக்கர் வந்தது சக்கரத்திலிருந்து, சுற்றுவது. சர்க்கரைக்கு இந்தியில் ஷக்கர், தெலுங்கில் சக்கெர. மூன்றும் நம் காதில் ஒன்றாகத்தான் விழும். மயக்கமும் சர்க்கரையும் உண்மையிலேயே ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பதால் தப்பாகக் கேட்டதும் சரியாகத்தான் தோன்றும். அதுதான் பயம். பொருத்தமாகத் தோன்றுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். குத்திப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

"கல் ஸே தர்த்" என்று இந்திக்காரர் சொன்னால் நேற்றிலிருந்து வலி. கிட்னியில் கல் என்று அவர் சொல்லவில்லை. அதே கல் அவர்களுக்கு நாளைக்கும் ஆகும், வினைச்சொல்லைப் பார்த்துத்தான் நேற்றா நாளையா என்று தெரியும். "கல் ஆனா" என்று சொல்லி அனுப்பாமல் அடுத்து வர வேண்டிய தேதியைச் சீட்டில் எண்ணாக எழுதி, காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டுங்கள்.

ஒடிசாப் பிள்ளைகள் தலையை முண்ட என்பார்கள். "முண்ட பிந்துச்சி" என்றால் தலை வலிக்கிறது. நமக்கு முண்டம் என்றால் தலையில்லாத உடம்பு, கேட்டால் திட்டு. தெலுங்கில் முண்ட இன்னும் மோசமான வசவு. ஐஸ் கம்பெனியில் வேலை செய்த ஒரு பிள்ளை டீக்கடையில் தலையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொல்லி அடி வாங்கிக்கொண்டு வந்தான். தலைவலி மாத்திரையோடு கன்னத்துக்கும் மருந்து போட வேண்டியிருந்தது. அவன் அழுதது வலியால் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஐஸ் கம்பெனி என்றதும் சாலு ஞாபகத்துக்கு வருகிறது. தெலுங்கில் சாலு என்றால் போதும். நம் பழைய தமிழில் சாலும் என்பதும் அதுதான். இந்தியில் சாலு என்றால் மெஷினை ஓட விடு. "சாலு, சாலு" என்று மேஸ்திரி கத்தியதைக் கேட்டு ஒரு வடநாட்டுப் பையன் நின்ற மெஷினைத் தட்டிவிட்டான். பக்கத்து ஆளுக்கு விரல் நசுங்கித் தையல் போட வந்தார்கள். மெஷினுள்ள இடத்தில் நிறுத்துவதற்கும் ஓட்டுவதற்கும் வாயை நம்பாதீர்கள், இரண்டு கை சைகையை முதல் நாளே பேசி வையுங்கள்.

அவசரம் மட்டும் தனி ரகம். இது வடமொழியிலிருந்து பல மொழிக்கும் போனது. அங்கே அதற்குப் பொருள் தருணம், வாய்ப்பு. இந்தியிலும் மலையாளத்திலும் இன்றும் வாய்ப்புதான். தெலுங்கில் தேவை. தமிழிலும் கன்னடத்திலும் ஓட்டம். "அவசரம், உடனே ஆஸ்பத்திரி போங்க" என்று நாம் பதறினால், தெலுங்குக்காரர் தேவை என்கிறார்கள், சரி, நாளைக்குப் போகலாம் என்று புரிந்துகொள்ளலாம். அவர் "அவசரம் லேது" என்றால் எனக்கு அது வேண்டாம் என்று மறுக்கிறார். நமக்கோ மெதுவாகப் பார்க்கலாம் என்று கேட்கும். அவர்களுக்கு அவசரத்துக்கு உரிய சொல் தொந்தர. "தொந்தரகா ரண்டி" என்றால் சீக்கிரம் வாங்க. அதை நாம் தொந்தரவு என்று கேட்டு முகம் சுளிக்கிறோம், அவர் வீட்டில் உயிர் போகிற நேரமாக இருக்கும். இதற்கு எங்கள் டாக்டரம்மா கண்ட வழி: அவசரம் என்ற சொல்லைச் சொல்வதே இல்லை. "இப்பவே" என்று சொல்லி, கடிகாரத்தைக் காட்டி, ஆட்டோவையோ 108-ஐயோ வாசலில் நிறுத்திவிட்டுத்தான் அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார்.

மந்து என்பதில் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தெலுங்கில் மருந்தும் மந்து, சாராயமும் மந்து, பூச்சிமருந்தும் மந்து. "மந்து தாகாடு" என்று ஒரு பெண் ஓடிவந்து சொன்னால் புருஷன் குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறாரா, விஷம் குடித்துவிட்டாரா என்று சொல்லிலிருந்து தெரியாது. தமிழில் மட்டும் என்ன, "மருந்து குடிச்சிட்டான்" என்று கிராமத்துப் பக்கம் சொன்னால் ஊரே ஓடிவருமே. விளக்கம் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். எந்த பாட்டில், எந்த அட்டை, அதைக் கையோடு எடுத்து வரச் சொல்லுங்கள். ஆளை 108-ல் ஏற்றும்போது அந்த பாட்டிலும் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே டாக்டருக்கு அது நம் நூறு வார்த்தையைவிடப் பயன்படும். நாமாக வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது.

தினமும் செய்துவந்த சில வேலைகளையும் சொல்கிறேன். கோடு போட்ட நோட்டு ஒன்று டோக்கன் மேஜையில் இருக்கும். நோயாளி சொன்ன சொல்லை அவர் சொன்ன ஒலியிலேயே தமிழ் எழுத்தில் எழுதுவோம், திருத்த மாட்டோம். பக்கத்தில் எந்த மொழி, அதற்கடுத்து அவர் எதைத் தொட்டுக் காட்டினார் என்பது. பொருள் என்று நாங்கள் நினைத்ததைக் கடைசியில்தான் எழுதுவோம், அதுவும் அந்த மொழிக்காரர் ஒருவர் சரி என்று சொன்ன பிறகு. மொழி தெரியும் என்று சொல்பவர்களை நம்பி எழுதிய சொற்களைவிட, தொட்டுக் காட்டியதை வைத்து எழுதியவைதான் நின்றன. மாத்திரைக் கவரில் வேளைக்குச் சூரியனும் நிலாவும் வரைந்தோம். சாப்பாட்டுக்கு முன்னால் என்றால் காலித் தட்டு, பின்னால் என்றால் சோறுள்ள தட்டு. காலி என்ற சொல்லை வாயால் சொல்லாமல் வரைந்ததற்கும் காரணம் உண்டு. இந்தியில் காலிப் பேட் என்றால் வெறும் வயிறு, அது சரியாகத்தான் பொருந்தும். ஆனால் நம் வாயில் முதல் எழுத்து கங்கையின் 'க' போல ஒலித்துவிட்டால் அவர்களுக்கு வசவாகக் கேட்கும், தெலுங்குக்காரருக்குக் காற்றாகக் கேட்கும். சொல்லி முடித்த பிறகு "புரிஞ்சுதா?" என்று கேட்பதையும் நிறுத்திவிட்டோம். யாரைக் கேட்டாலும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "ராத்திரி எத்தனை? எடுத்துக் காட்டுங்க" என்று கவரை அவர் கையிலேயே கொடுத்தால் உண்மை தெரிந்துவிடும்.

பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். குண்டெ என்று சொல்லக் கூச்சப்பட்ட பையனைப் போலப் பல பேர் வந்தார்கள். அம்மாவுக்கு வெள்ளைப்படுவதையும், மாதம் தள்ளிப்போவதையும், அப்பா அடித்த காயத்தையும் பத்து வயசுப் பெண் நின்று எடுத்துச் சொல்வது கொடுமை. அந்தப் பிள்ளை பாதியை விழுங்கிவிடும், அம்மாவும் பாதியை மறைத்துவிடுவார். எங்கள் க்ளினிக்கில் கூட்டிப் பெருக்க வந்த அக்காவுக்குத் தெலுங்கு தாய்மொழி, சௌகார்பேட்டையில் வீட்டுவேலை செய்ததில் இந்தியும் நன்றாக வரும். பெண்கள் வந்தால் பிள்ளையை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அந்த அக்காவை உள்ளே கூப்பிடுவோம். கேட்டதைக் கேட்டபடி சொல்வார், தன் அபிப்பிராயத்தைச் சேர்க்க மாட்டார், வெளியே போய்ப் பேசவும் மாட்டார். கொஞ்ச நாள் அதைச் சும்மாதான் செய்தார். பெருக்குவது ஒரு வேலை, இது இன்னொரு வேலை என்று டாக்டரம்மாவிடம் நான்தான் பேசினேன். அடுத்த மாதத்திலிருந்து அதற்கென்று தனியாக ஒரு தொகை அவர் சம்பளத்தில் சேர்ந்தது.